செம்பனைத் தோட்டத்தில் பன்றி வேட்டைக்கு எந்த செலோரெங் (உருமறைப்பு) சட்டை? ரியல்ட்ரீ, வுட்லண்ட், ஃப்ளெக்டார்ன்: எதை எடுக்கலாம்?

லயத்துப்பையன் · சுங்கை சிப்புட்

வணக்கம். துப்பாக்கி லைசென்சும் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்சும் இந்த வருடம்தான் கைக்கு வந்தன. எங்கள் தோட்டத்தில் மறுநடவு செய்த பக்கம் பன்றி இறங்கி இளங்கன்றுகளின் குருத்தைக் கிளறித் தின்கிறது. மேனேஜர் கடிதம் கொடுத்து எங்கள் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார். குழுவில் நான்தான் சின்னவன். வேட்டை உடுப்பு இல்லாதவனும் நான்தான்.

டவுனில் பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடையில் என் அளவுக்கு மூன்று ஜோடி தொங்குகின்றன. ஒன்று அமெரிக்க வுட்லண்ட், நாலு நிறத் திட்டு போட்ட பழைய ஆர்மி டிசைன். இன்னொன்று ஜெர்மன் ஃப்ளெக்டார்ன், உடம்பு முழுக்கப் புள்ளி. மூன்றாவது ரியல்ட்ரீ. இலை, கிளை, மரப்பட்டை எல்லாம் போட்டோ எடுத்து அச்சடித்தாற்போல் இருக்கிறது. அதற்கு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு விலை சொல்கிறார் கடைக்காரர். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பண்டல்ராஜா · ஈப்போ

தம்பி, வுட்லண்டை எடு. யோசிக்கவே வேண்டாம்.

அந்த டிசைனுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948-இல் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் ஆய்வுக்கூடம் இ.ஆர்.டி.எல். என்று ஒரு டிசைனை வரைந்தது. பின்னால் வியட்நாம் காட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு போனார்கள். 1981-இல் அதையே சுமார் 60 விழுக்காடு பெரிதாக்கி எம்81 வுட்லண்ட் ஆக்கினார்கள். எதற்குப் பெரிதாக்கினார்கள் என்று பார். சின்னத் திட்டுகள் கிட்டத்தில் அழகாக இருக்கும். தூரத்தில் ஒன்றோடொன்று கலந்து ஒரே இருண்ட ஆள் உருவமாகத் தெரியும். திட்டு பெரிதாக இருந்தால் தோள் ஒரு துண்டு, இடுப்பு ஒரு துண்டு என்று உருவம் உடைந்துபோகும்.

ரியல்ட்ரீ வேறு ஊர் மரம். 1986-இல் ஜார்ஜியாவில் பில் ஜோர்டன் என்பவர் வீட்டு முன்னால் நின்ற ஓக் மரத்தைப் பார்த்து வரைந்து தொடங்கியது. அதே வருடம் மிசிசிப்பியில் டாக்ஸி ஹாஸ் என்பவர் காட்டு மண்ணையும் இலையையும் பையில் அள்ளிக்கொண்டு போய்த் துணி ஆலையில் காட்டி மோஸி ஓக் பாட்டம்லண்டை உருவாக்கினார். இரண்டுமே அவர்கள் ஊர் இலையுதிர் காலத்துக்கு, மரத்தில் ஏறி அசையாமல் உட்கார்ந்து மான் சுடுகிறவனுக்குச் செய்தவை. நம் ஊரில் ஓக் இலை எங்கே இருக்கிறது?

ஃப்ளெக்டார்ன் நல்ல டிசைன்தான். ஐந்து நிறப் புள்ளிகள் ஓரங்களை மங்கலாக்கிவிடும். என்னிடமும் உண்டு. ஆனால் பண்டலில் வருவது பெரும்பாலும் தடித்த துணி. காலை பத்து மணிக்கு மேல் உள்ளே வெந்துபோவாய்.

மரத்தடி · குளுவாங்

ராஜா அண்ணே, ரியல்ட்ரீ என்று ஒரே டிசைன் கிடையாது. நீங்கள் சொல்வது பழுப்பு ஓக் இலை போட்டது. எக்ஸ்ட்ரா கிரீன் என்று பச்சை தூக்கலாக ஒன்று உண்டு. மோஸி ஓக்கிலும் அப்செஷன் என்று பச்சையில் இருக்கிறது. அது அவர்கள் ஊரில் வசந்த காலத்து வான்கோழி வேட்டைக்கு. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்பதால் வான்கோழிக்காரன் பச்சையைப் பச்சையாகவே கேட்கிறான். கடையில் தொங்குவது எந்த வகை என்று தம்பி முதலில் பார்க்கட்டும்.

அப்புறம், தூரம் தூரம் என்கிறீர்கள். ராணுவக்காரன் நூற்றுக்கணக்கான மீட்டர் பார்க்கிறவன். நம் கையில் இருப்பது 12 போர் சிதறுகுண்டுத் துப்பாக்கி. 30, 40 மீட்டருக்கு மேல் யார் சுடப்போகிறோம்? அந்தத் தூரத்தில் இலை அச்சு இலையாகவே தெரியும். திட்டு கலந்து கறுப்பாகிற பேச்சு நமக்கு எதற்கு?

ஓய்வுகிராணி · சுங்கை சிப்புட்

இவ்வளவு பெயர்களையும் படித்தேன். இந்த ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டார்கள். அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. 1960 வரைக்கும் நடந்தது. அத்தனை வருடமும் பிரிட்டிஷ் பட்டாளம் நம் காட்டுக்குள் போட்டிருந்த உடுப்பு வெறும் பச்சை. ஜங்கிள் கிரீன் என்பார்கள். திட்டும் இல்லை, புள்ளியும் இல்லை, இலையும் இல்லை. மனிதனை மனிதன் தேடிய காட்டில் போதுமானதாக இருந்தது பன்றிக்குப் போதாதா?

பிளஸ் ஆற்றுக்கு மேலே இருக்கும் தெமியார் பழங்குடி மக்களைப் பார்த்திருக்கிறீர்களா? சும்பிட் என்னும் ஊதுகுழலை ஊதி மரத்தின் மேலிருக்கும் குரங்கையும் அணிலையும் இறக்குகிறவர்கள். அவர்கள் போட்டிருப்பது கிழிந்த பனியன், ஏதாவது ஒரு கட்சியின் தேர்தல் சட்டை. எலி பிடிக்கப் பூனை கோட்டு போட்டுக்கொண்டா போகிறது?

பண்டல்ராஜா · ஈப்போ

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். அந்த ஜங்கிள் கிரீன் வியர்வையில் நனைந்தால் கறுப்பாகிவிடும். ஒரே நிறம் என்பதால் முழு ஆளும் ஒரே கறுப்பு. தெமியார் ஆட்களின் நடை வேறு. அவர்கள் அசையாமல் நிற்கிற மாதிரி நம் பையன்கள் கொசுக்கடியில் நிற்பார்களா? உடுப்பு நம்மைப் போன்ற பொறுமையில்லாதவனுக்குத்தான்.

ஒளிமானி · தைப்பிங்

நான் வேட்டைக்காரன் இல்லை, கண் கண்ணாடி வேலை பார்க்கிறவன். மச்சான் வேட்டைக்குப் போவதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். இங்கே எல்லாரும் மனிதக் கண்ணை வைத்துப் பேசுகிறீர்கள்.

நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புகள் மூன்று வகை. பன்றிக்கு இரண்டே வகை. ஒன்று ஊதாநீலப் பக்கம், 439 நானோமீட்டர் அலைநீள ஒளியில் கூர்மை. மற்றது பச்சைமஞ்சள் பக்கம், 556-இல். மானுக்கும் இரண்டுதான், ஆனால் அதன் இரண்டாவது கூம்பு 537 அளவில் இருக்கிறது. இதனால் என்ன ஆகிறது என்றால், பச்சை, பழுப்பு, ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் பன்றிக்கு ஏறக்குறைய ஒரே நிறக் குடும்பம். வெளிச்சம் கூட, குறைய என்ற வித்தியாசம் மட்டும்தான். உங்கள் எக்ஸ்ட்ரா கிரீனும் பழுப்பு ரியல்ட்ரீயும் அதற்கு நிறத்தால் வேறுபடாது. நீலம் மட்டும் தனியாகத் தெறிக்கும். எனவே இலையா புள்ளியா என்று சண்டை போடுகிறவர் கீழே நீல ஜீன்ஸ் சிலுவார் போட்டிருந்தால் எல்லாம் வீண்.

கூர்மையிலும் பன்றியின் கண் நம்முடையதைவிட மட்டம். ரியல்ட்ரீயில் அச்சடித்த இலை நரம்பு 30 மீட்டரில் உங்களுக்குத் தெரியலாம், அதற்குத் தெரியாது. மரத்தடி சொன்ன வாதம் இங்கேதான் உடைகிறது. திட்டுகள் கலந்துபோகும் தூரம் பன்றிக்கு நம்மைவிடக் கிட்டத்திலேயே வந்துவிடுகிறது.

மரத்தடி · குளுவாங்

அப்படியானால் அமெரிக்காக்காரன் இத்தனை டிசைனை யாருக்காக அச்சடிக்கிறான்?

ஒளிமானி · தைப்பிங்

பாதி வாங்குகிறவன் கண்ணுக்காக, அண்ணே. கண்ணாடி பிரேம் விற்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. வேட்டை உடுப்பு செய்யும் சிட்கா கம்பெனிக்காரர்கள் போடும் ஆப்டிஃபேடு டிசைனை கோர் நிறுவனம் உருவாக்கியபோது, விலங்குகளின் நிறப்பார்வையை ஆராயும் ஜே நீட்ஸையும், ராணுவத்தில் கட்டம் கட்டமான டிசைனை 1970-களிலேயே சோதித்த டிமோத்தி ஓ'நீலையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் இலையும் கிடையாது, கிளையும் கிடையாது. பெரிய திட்டுக்குள் சின்னக் கட்டங்கள். பெரியது தூரத்துக்கு, சின்னது கிட்டத்துக்கு. இந்த யோசனை சரியானது. விலை மட்டும் நம் சம்பளத்துக்கு ஆகாது.

பிளஸ்கரை · சுங்கை சிப்புட்

வாய்ப்பேச்சு போதும் என்று போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மாமன் மகனும் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனோம். வுட்லண்ட், ஃப்ளெக்டார்ன், வெப்பமண்டலக் காட்டுக்கென்று பச்சையில் வரும் மல்டிகேம் ட்ராபிக், பாட்டம்லண்டை ஒட்டி அச்சடித்த மலிவு சட்டை ஒன்று, பழைய வெறும் பச்சைச் சட்டை ஒன்று. ஆளையே உட்காரவைத்து 15 மீட்டரிலும் 30 மீட்டரிலும் போனில் படம் எடுத்தோம். பிறகு படத்தை மங்கலாக்கி, நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தோம். ஒளிமானி அண்ணன் இது சரியான பன்றிக்கண் இல்லை என்பார், தெரியும். இருந்தாலும் வெளிச்சமும் நிழலும் தெரியுமே.

முதலில், தோட்டம் என்று ஒரே இடமாகப் பேசாதீர்கள். இங்கே நாலு இடம் இருக்கிறது.

முதிர்ந்த செம்பனைக்குள் ஓலைகள் மேலே கூடி நிழல் விழுந்திருக்கும். நடுநடுவே வெயில் கோடு கோடாகத் தரையில் கிடக்கும். அடிமரம் வெட்டிய மட்டை அடிகளோடு கருத்த பழுப்பு, அதன்மேல் பெரணி முளைத்திருக்கும். இங்கே வுட்லண்ட் நன்றாகக் கரைந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட நன்றாக உட்கார்ந்தது அந்த மலிவு பாட்டம்லண்டுதான். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் ஆள் மரத்தோடு மரம். எழுந்து நின்றால் அந்த அனுகூலம் போய்விடுகிறது, ஏனென்றால் பின்னால் மரம் இல்லாமல் வெளிச்சம் வந்துவிடுகிறது.

மட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஃப்ளெக்டார்ன். காய்ந்த மட்டையும் அதன் ஊடே வளர்ந்த புல்லும் சேர்ந்த குழப்பத்துக்கு அந்தப் புள்ளிகள் பொருந்தின. அடுத்தடுத்த வரிசைக்கு இடையில் இந்தக் குவியல் நீளமாகப் போகும் என்பதால் பெரும்பாலோர் ஒளிந்துகொள்வது இங்கேதான். அதனால் ஃப்ளெக்டார்னை ராஜா அண்ணன் போல் நான் தள்ளிவிட மாட்டேன்.

தம்பி போகப்போகிற மறுநடவுப் பக்கம் கதையே வேறு. மேலே நிழல் இல்லை. தரை முழுக்க முக்குனா மூடுபயிர், வெளிர்பச்சை. இளங்கன்று இடுப்பளவு. இங்கே வுட்லண்ட் போட்டவன் வெட்டவெளியில் தார் பூசிய கட்டைபோல் தெரிந்தான். அந்த டிசைனில் கறுப்பு அதிகம். ஃப்ளெக்டார்னும் இருட்டு. தேறியது மல்டிகேம் ட்ராபிக். அதையும்விடக் குறையில்லாமல் இருந்தது, சலவையில் வெளுத்த அந்த வெறும் பச்சைச் சட்டை. கிராணி ஐயா சிரிக்கட்டும்.

நாலாவது காட்டோரம். பெலுக்கார் புதர்க்காடு, ரெசாம் பெரணி, அதன் பின்னால் கும்மிருட்டு. அங்கே எது போட்டாலும் நடக்கும், வெளுத்த சட்டை மட்டும் ஆகாது.

எல்லாப் படத்திலும் முதலில் கண்ணில் பட்டது முகமும் கையும்தான். சட்டை எந்த டிசைனாக இருந்தாலும் வெயில் பட்ட நெற்றியும் துப்பாக்கிக் குழாயில் இருந்த கைவிரல்களும் மின்னின.

ரப்பர்காட்டான் · கூலிம்

பால்மரக் காட்டை விட்டுவிட்டீர்களே! எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டிய பிறகு மேலே வெட்டவெளி, கீழே பழுப்புச் சருகு, மரமெல்லாம் சாம்பல் பட்டையில் வெள்ளைப் பாசித் திட்டு. அந்த ரெண்டு மாதம் அசல் அமெரிக்க இலையுதிர் காலம்தான். பழுப்பு ரியல்ட்ரீ அங்கே செமத்தியாகப் போகும். ராஜா அண்ணன் ஓக் இலை எங்கே என்றார். ரப்பர் சருகு இருக்கிறதே!

பண்டல்ராஜா · ஈப்போ

ஒத்துக்கொள்கிறேன், வருடத்தில் ரெண்டு மாதத்துக்கு இரட்டை விலை கொடுக்கலாம்.

காட்டுக்கோழி · பீடோர்

டிஜிட்டல் டிசைன் பற்றி யாருமே பேசவில்லையே. ஷாப்பியில் அதுதான் மலிவு.

பிளஸ்கரை · சுங்கை சிப்புட்

கட்டம் போட்டது என்பதற்காக நல்லது ஆகிவிடாது. அமெரிக்கத் தரைப்படை 2004-இல் யு.சி.பி. என்று சாம்பல்பச்சைக் கட்டங்களில் ஒன்றைக் கொண்டுவந்தது. பாலைவனம், ஊர், காடு மூன்றுக்கும் ஒரே டிசைன் என்று சொன்னார்கள். காட்டில் வெள்ளையாக நின்றது. 2015-இலிருந்து அதைக் கழற்றத் தொடங்கி 2019-இல் முழுதாக விட்டார்கள். ஷாப்பியில் சாம்பல் நிறத்தில் மலிவாக வருவதில் நிறைய அதன் நகல்தான். செம்பனைக்குள் அதைப் போட்டால் தூரத்தில் ஒரு வெள்ளை வேட்டி நடப்பதுபோல் இருக்கும்.

நெறியாளர்

டிஜிட்டல் என்றதும் சொல்லிவிடுகிறேன். நம் ராணுவத்தின் டிஜிட்டல் வரிப்புலி டிசைனைப் போன்ற நகல்களை யாரும் வாங்க வேண்டாம். ராணுவ வீரர் என்று பிறர் நம்பட்டும் என்ற எண்ணத்தோடு அதைப் போன்ற உடுப்பை அணிவது தண்டனைச் சட்டம் 140-ஆம் பிரிவின்படி குற்றம். எண்ணம் இல்லை என்று நீங்கள் விளக்கலாம். கையில் துப்பாக்கியோடு சாலைத் தடுப்பில் நின்றுகொண்டு விளக்குவது சுலபமா என்று பாருங்கள். வேட்டை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு டவுனுக்கு வாருங்கள்.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பன்றிக்கும் லைசென்ஸ் வேண்டும். மான், கேளையாட்டுக்கு 2009-லேயே லைசென்ஸ் நிறுத்தியாயிற்று. இழையில் மான் பெயர் கண் பார்வைக்காக மட்டும் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

தோட்டத்துக்கா · சுங்கை சிப்புட்

நான் வேட்டைக்குப் போகிறவள் இல்லை. உதிரிப் பழம் பொறுக்குகிறவள். என் வீட்டுக்காரர் குலை வெட்டுகிறார். விடிந்தும் விடியாமலும் நாங்கள் வரிசைக்குள் இறங்கிவிடுவோம்.

நீங்கள் எல்லாரும் பன்றிக்குத் தெரியாமல் இருப்பது எப்படி என்று இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள். எங்களுக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். உங்களில் ஒருவருக்கு இன்னொருவரே தெரிய மாட்டார். பன்றி என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்ட செய்தி நம் நாட்டுப் பேப்பரில் வராமல் போகிறதா? மட்டைக் குவியலுக்குப் பின்னால் குனிந்து பழம் பொறுக்கும்போது புதர் ஆடும். அது நானா பன்றியா என்று யார் வந்து பார்க்கப்போகிறீர்கள்? ஒளிமானி தம்பி சொல்வதைப் பார்த்தால் பன்றிக்கு ஆரஞ்சு தனியாகத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். அப்புறம் எதற்கு ஆரஞ்சு போடாமல் இருக்கிறீர்கள்?

ஓய்வுகிராணி · சுங்கை சிப்புட்

அந்தப் பட்டாளத்துக்காரர்களே தொப்பியைச் சுற்றி வண்ணத் துணிப்பட்டி கட்டிக்கொண்டு போவார்கள், தங்கள் ஆளைத் தாங்களே சுடாமல் இருக்க. எதிராளி மனிதன், அவன் கண்ணுக்கு அந்த நிறம் தெரியும் என்று தெரிந்தும் கட்டினார்கள். பொண்ணு கேட்பது நியாயம்.

காட்டுக்கோழி · பீடோர்

அக்கா, பன்றிக்குத் தெரியாது, சரி. குரங்குக்குத் தெரியும்! நம்மைப் போல அதற்கும் மூன்று கூம்பு. காட்டோரத்தில் ஒரு குரங்கு ஆரஞ்சைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தால் காடே உஷாராகிவிடும்.

தோட்டத்துக்கா · சுங்கை சிப்புட்

கத்தட்டும் தம்பி. நான் கத்துவதைவிட அது கத்துவது மேல்.

ஒளிமானி · தைப்பிங்

அக்கா கேட்டதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக்காரன் ஆரஞ்சு போட்டே ஆகவேண்டும். கொலராடோவில் 500 சதுர அங்குலம், அதோடு ஆரஞ்சுத் தொப்பி. 2016-லிருந்து அங்கே பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செல்லும். அப்படிப் போட்டுக்கொண்டும் மான் சுடத்தான் செய்கிறார்கள்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த ஆரஞ்சு 600 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிர்கிறது. மானின் கூம்பு 537 என்பதால் அதற்கு அது மங்கல். பன்றியின் கூம்பு 556, ஆரஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே. அதனால் பன்றிக்கு அது வேறு நிறமாகத் தெரியாவிட்டாலும் கொஞ்சம் வெளிச்சமான திட்டாகத் தெரியலாம். இதற்கு வழி, ஒரே ஆரஞ்சுத் துணியாக இல்லாமல் நடுவில் கறுப்புத் திட்டு போட்ட ஆரஞ்சு. வெளிச்சம் உடைந்துவிடும், மனிதக் கண்ணுக்கு ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கும். மறுநடவுப் பக்கம் ஏற்கெனவே வெளிச்சமான இடம் என்பதால் அங்கே இது பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, சலவைத் தூள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கு அதில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். பன்றியின் முதல் கூம்பு அந்த நீலத்துக்கே செய்தது போல் 439-இல் நிற்கிறது. புறஊதாவின் பங்கு கூடும் மங்கல் வெளிச்சத்தில், அதாவது விடியலிலும் அந்தியிலும், இது இன்னும் எடுப்பாக இருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் சின்ன விளக்கை இருட்டில் உங்கள் சட்டைமேல் அடித்துப் பாருங்கள். நீலமாக மின்னினால் எந்த டிசைனும் உங்களைக் காப்பாற்றாது. உள்ளே போடும் வெள்ளை பனியன் கழுத்தில் எட்டிப் பார்த்தாலும் இதே கதை.

மரத்தடி · குளுவாங்

விளக்கை அடித்துப் பார்த்தேன். என் விலை உயர்ந்த ரியல்ட்ரீ பந்தல் சீரியல் லைட் போல் எரிகிறது. வீட்டுக்காரி நல்ல வாசனைத் தூளில் ஊறவைத்திருக்கிறாள்.

ரப்பர்காட்டான் · கூலிம்

வாசனையும் சேர்ந்து போயிற்றா? பன்றிக்குக் கண் மட்டம் என்றால் மூக்கு அதற்கும் சேர்த்து இருக்கிறது. நீலமும் தெரிய வேண்டாம், மூக்கே போதும். வெளுப்பு சேர்க்காத கட்டிச் சவர்க்காரத்தில் அலசி, நிழலில் காயவைத்து, காய்ந்த சருகோடு கோணிப்பையில் போட்டுவை. நான் அப்படித்தான்.

பிளஸ்கரை · சுங்கை சிப்புட்

காற்றைப் பற்றி தம்பிக்கு ஒரு வார்த்தை. நம் தோட்டம் மலையடிவாரம். அந்தியில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். பன்றியும் மேலிருந்துதான் வரும். நீ கீழே இருந்தால் உன் வாசனை அதற்கு எதிர்ப்பக்கம் போகும். காலையில் வெயில் ஏறியதும் காற்று திரும்பி மலை ஏறும். அப்போது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால், நீ என்ன சட்டை போட்டிருந்தாலும் காட்டுக்குள்ளேயே உன்னைத் தெரிந்துகொள்ளும். எங்கள் குழுவில் ஒருவர் வெறும் பச்சை கூடப் போடுவதில்லை, பழைய பழுப்பு டீ-சட்டைதான். காற்றைப் பார்க்காமல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார். அதிகம் கிடைப்பது அவருக்குத்தான்.

காட்டுக்கோழி · பீடோர்

இலை இலையாகத் தொங்குமே, அந்தக் கில்லி உடுப்பு?

பிளஸ்கரை · சுங்கை சிப்புட்

செம்பனை முள்ளில் மாட்டி நீ அங்கேயே நிற்பாய். மேலும் அதற்குள் வேகும் சூட்டுக்கு வுட்லண்ட் குளிர்சாதன அறை.

பண்டல்ராஜா · ஈப்போ

சரி, என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். முதிர்ந்த செம்பனைக்கும் காட்டோரத்துக்கும் வுட்லண்ட், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மறுநடவுக்கு அது இருட்டு என்பதைப் படம் காட்டுகிறது. ஆனால் பண்டலில் நல்லபடி வெளுத்த வுட்லண்டும் கிடைக்கும். கறுப்புத் திட்டு சாம்பலாகி, பச்சை வெளிறி இருக்கும். புத்தம் புதுசைத் தேடாமல் அதைத் தேடு தம்பி. விலையும் குறைவு. பருத்தி கலந்த துணியா என்று தேய்த்துப் பார். முழு பாலியஸ்டர் என்றால் மட்டையில் உரசும்போது சரசரக்கும். அந்தச் சத்தம் ஒன்று போதும்.

ஆரஞ்சு விஷயத்தில் அக்காவோடு சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் காட்டோரத்தில் குரங்குத் தொல்லை உண்மை. அங்கே தொப்பியில் மட்டும் போதும் என்பது என் எண்ணம்.

தோட்டத்துக்கா · சுங்கை சிப்புட்

தொப்பி மட்டும் போதாது. குனிந்தால் தொப்பி மறையும். முதுகிலும் வேண்டும்.

லயத்துப்பையன் · சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. கடைக்குப் போய் வந்தேன். தொங்கியது பழுப்பு ரியல்ட்ரீதான், எக்ஸ்ட்ரா கிரீன் இல்லை. விட்டுவிட்டேன். வுட்லண்ட் ஜோடி கறுப்பு குறையாமல் புதுசாக இருந்தது. உள் அறையில் வெளுத்த ஒன்று கிடந்தது, முழங்கால் ஒட்டுப்போட்டது, 35 வெள்ளிக்கு எடுத்தேன். ஃப்ளெக்டார்னை மாமா மட்டைக் குவியலுக்கு என்று எடுத்துக்கொண்டார். காலில் கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்து, அது ஏற்கெனவே இருக்கிறது. கைக்கு மெல்லிய பச்சைக் கையுறை, முகத்துக்கு வலைத் துணி.

அக்கா சொன்னதை மேனேஜரிடம் சொன்னேன். எந்தப் பிளாக்கில் எந்த நாள் வெட்டு என்ற அட்டவணையை எங்களுக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வெட்டு நாளில் அந்தப் பிளாக்கிலும் அதற்கு அடுத்த பிளாக்கிலும் நாங்கள் இறங்குவதில்லை என்று பேசி முடிவாகிவிட்டது. குழுவில் எல்லாருக்கும் கறுப்புத் திட்டு போட்ட ஆரஞ்சு மேல்சட்டை தைக்கத் துணி தேடுகிறோம். ஈப்போவில் எங்கே கிடைக்கும் ராஜா அண்ணே?

பண்டல்ராஜா · ஈப்போ

கறுப்புத் திட்டோடு துணியாகக் கிடைப்பது கஷ்டம். சாலை வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேல்சட்டையை வாங்கி, வெள்ளியாக மின்னும் பட்டையைப் பிரித்துவிட்டு, கறுப்புத் துணிச்சாயத்தில் நீயே திட்டு போடு. பட்டையை விட்டுவைக்காதே, டார்ச் பட்டால் கண்ணாடி மாதிரி அடிக்கும்.

தோட்டத்துக்கா · சுங்கை சிப்புட்

பட்டையைப் பிரிக்காதே தம்பி. டார்ச் பட்டால் அடிப்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

ஒளிமானி · தைப்பிங்

அக்கா சொல்வது இருட்டு நேரத்துக்குச் சரி. பகலில் வெயில் பட்டாலும் மின்னும் என்பது ராஜா அண்ணன் கவலை. பட்டைமேல் ஒட்டும் துணி மூடி தைத்துக்கொள். உட்காரும்போது மூடு, நடக்கும்போது திற.

மரத்தடி · குளுவாங்

ரியல்ட்ரீ ஜோடி ஒன்று விலைக்கு இருக்கிறது, எக்ஸெல் அளவு. இரவில் விளக்கே தேவையில்லை. ரப்பர்காட்டானுக்குச் சலுகை உண்டு.

நெறியாளர்

விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போடுங்கள். அட்டைக்கடிக் காலுறை பற்றி இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள், அதற்கும் புது இழை திறந்துகொள்ளுங்கள்.